கை தூக்கிய ஊரும் கணக்குக் கேட்ட ஊரும்

பிலிப்பைன்ஸ் என்றதும் நம் பக்கத்து உழவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது ஐ.ஆர்.8 தான். அந்த 'ஐ.ஆர்.' பிறந்த ஊர், மணிலாவுக்குத் தெற்கே இருக்கிற லாஸ் பான்யோஸ். 1960இல் அங்கே பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1966இல் ஐ.ஆர்.8 வெளிவந்தது. பின்னாலேயே ஐ.ஆர்.20, ஐ.ஆர்.50 என்று வரிசையாக நம் வயலுக்கும் வந்து சேர்ந்தன. நெல்லோடு உர மூட்டையும் பூச்சிமருந்து டப்பாவும் வந்தன. அதெல்லாம் இந்த இதழின் வாசகர்களுக்குப் புதுச் செய்தி இல்லை.

ஆனால் அந்த நெல் பிறந்த நாட்டு உழவர்கள், அதே காலத்தில் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஒரு சர்வாதிகாரியின் கீழ் வாழ்ந்தார்கள். அந்த ஆட்சி அவர்களுடைய கடனையும் தென்னையையும் ஆற்றையும் விதையையும் எப்படிக் கையில் எடுத்துக்கொண்டது, சாதாரண ஜனங்கள் அதை எப்படித் திருப்பிக் கேட்டார்கள் என்ற கதை நமக்கு அவ்வளவாக வந்து சேரவில்லை. நமக்கு இது அவசியம் தெரிய வேண்டிய கதை.

கை தூக்கச் சொன்ன கூட்டம்

ஃபெர்டினாண்ட் மார்க்கோஸ் 1965இல் தேர்தலில் வென்றுதான் அதிபரானார். 1969இல் மறுபடியும் வென்றார். அந்த நாட்டு அரசமைப்புச் சட்டப்படி மூன்றாம் முறை தொடர்ந்து பதவியில் இருக்க முடியாது. பதவிக்காலம் முடிய ஓராண்டு சொச்சம் இருக்கும்போது, 1972 செப்டம்பரில், நாட்டில் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். பத்திரிகைகள் மூடப்பட்டன. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். நாடாளுமன்றம் பூட்டப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் சுமார் 70,000 பேர் சிறைப்பட்டார்கள், 3,200 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள் என்பது மனித உரிமை அமைப்புகளின் கணக்கு.

இனி மேலும் ஆள வேண்டுமென்றால் புதிய அரசமைப்புச் சட்டம் வேண்டும். அதற்கு மக்களின் வாக்கெடுப்பு வேண்டும். 1973 ஜனவரியில் நடக்கவிருந்த வாக்கெடுப்பை மார்க்கோஸ் தள்ளிப்போட்டார். அதற்குப் பதிலாக ஒவ்வொரு ஊரிலும் 'குடிமக்கள் பேரவை' கூட்டச் சொன்னார். அங்கே ஊராட்சிக்குப் 'பரங்காய்' என்று பெயர். நம்முடைய கிராம சபை மாதிரியே வைத்துக்கொள்ளுங்கள். 15 வயதுப் பிள்ளைகளும் உட்காரலாம். வாக்குச்சீட்டு கிடையாது. கை தூக்கினால் போதும்.

ஜனவரி 10 முதல் 15 வரை கூட்டங்கள் நடந்தன. 17ஆம் தேதி அறிவிப்பு வந்துவிட்டது: புதிய சட்டத்துக்கு ஆதரவு 1 கோடியே 49 லட்சத்துக்கு மேல், எதிர்ப்பு 7 லட்சத்து 43 ஆயிரத்து 869. இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'முறையான வாக்கெடுப்பு தேவையா?' என்றும் ஒரு கேள்வி கேட்கப்பட்டதாம். தேவையில்லை என்று 1 கோடியே 42 லட்சத்துக்கு மேற்பட்டோர் சொன்னார்களாம். 'யாருக்கு அரிசி வேண்டும்?' என்று கேட்டுக் கை தூக்க வைத்துப் படம் பிடித்துக்கொண்டார்கள் என்று பின்னாளில் பலரும் சொன்னார்கள். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இந்த ஒப்புதல் சட்டப்படி முறையாக நடக்கவில்லை என்பதுதான் பெரும்பான்மை நீதிபதிகளின் கருத்து. ஆனாலும் புதிய சட்டம் நடைமுறைக்கு வர இனித் தடையில்லை என்று தீர்ப்பு முடிந்தது.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஊர்க்கூட்டத்தை மார்க்கோஸ் தடை செய்யவில்லை. கூட்டினார். கை தூக்கவும் வைத்தார். அதை எண்ணுகிற வேலையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டார்.

99 மூட்டைக் கனவு

அதே 1973இல் 'மசகானா 99' என்ற நெல் திட்டம் வந்தது. மசகானா என்றால் அவர்கள் மொழியில் அமோகம், செழிப்பு. ஒரு ஹெக்டேருக்கு 99 மூட்டை நெல் என்பது இலக்கு. அதிக விளைச்சல் ரக விதை, உரம், பூச்சிமருந்து எல்லாம் ஒரே தொகுப்பு. இதற்கு ஜாமீன் இல்லாத கடன். ஐந்து முதல் பதினைந்து உழவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக் கடன் வாங்க வேண்டும். அரசின் வேளாண் அலுவலர் பண்ணைத் திட்டம் எழுதித் தருவார். ஊரக வங்கி பணம் தரும். உச்சத்தில் ஒரே பருவத்தில் ஐந்து லட்சம் உழவர்களுக்கு மேல் கடன் பெற்றார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, விளைச்சல் கூடத்தான் செய்தது. 1970களின் கடைசியில் சிறிது அரிசியை ஏற்றுமதிகூடச் செய்தார்கள். ஆனால் கடன் திரும்பி வருவது பருவத்துக்குப் பருவம் சரிந்தது. எண்ணெய் விலை ஏறி உர விலை ஏறியது. புயல் அடித்தது. புகையானும் துங்ரோ நச்சுயிரி நோயும் அந்த ரகங்களைத் தேடி வந்தன. மருந்துச் செலவு கூடியது.

வங்கியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதன் உள்கட்டமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த ஊரக வங்கிகள் தங்கள் சொந்த வைப்புத்தொகையிலிருந்து இந்தக் கடனைத் தரவில்லை. கடன் பத்திரத்தை மைய வங்கியிடம் காட்டி மறுநிதி வாங்கித் தந்தன. உழவர் கட்டாவிட்டால் வங்கி மைய வங்கிக்குக் கட்ட முடியாது. கட்டாவிட்டால் அடுத்த மறுநிதி நிற்கும். இப்படி வரிசையாக ஊரக வங்கிகள் படுத்தன. இலக்கு மேலிருந்து வருகிறது, 'இத்தனை பேருக்குக் கொடு' என்று. கொடுத்த எண்ணிக்கையைத்தான் மேலே கேட்பார்கள். வயலில் என்ன நடந்தது என்று கேட்க ஆள் இல்லை. கேட்டு எழுதப் பத்திரிகையும் இல்லை, சட்டமன்றமும் இல்லை. 1984இல் திட்டம் சத்தமில்லாமல் முடிவுக்கு வந்தது. கடன்காரன் என்ற பெயர் உழவன் தலையில் நின்றது. மக்களாட்சி இல்லாத நாட்டில் வராக் கடனுக்குக்கூட உண்மையான கணக்கு இருக்காது என்பதற்கு இது ஒரு பாடம்.

தென்னைக்கு ஒரு தீர்வை

தென்னை உழவர் கதை இன்னும் மோசம். கொப்பரை விற்கிற ஒவ்வொரு முறையும் ஒரு தொகை தீர்வையாகப் பிடிக்கப்பட்டது. தென்னைத் தொழிலை வளர்க்க என்று சொல்லி வசூலித்த பணம் அது. அந்தப் பணத்தில் 1975இல் ஒரு வங்கி வாங்கப்பட்டது. 'தென்னை உழவர் வங்கி' என்று பெயரும் வைத்தார்கள். அதன் பிடி மார்க்கோஸின் நெருங்கிய கூட்டாளியான எடுவார்தோ கோஹுவாங்கோ கையில் இருந்தது. 1983இல் நாட்டின் மிகப் பெரிய மதுபான, உணவு நிறுவனமான சான் மிகுவலின் பங்குகளும் அந்தப் பணத்தைக் கொண்டு வாங்கப்பட்டன. தென்னை ஏறியவனுக்கு அந்தப் பங்கின் வாசனைகூடத் தெரியாது.

மார்க்கோஸ் போன பிறகும் வழக்கு நடந்தது. 2012இல்தான் உச்ச நீதிமன்றம், சான் மிகுவல் பங்குகளில் பெரும்பகுதி தென்னை உழவர்களின் நலனுக்கானது என்று தீர்ப்புச் சொன்னது. அந்தப் பணத்தை உழவர் நல அறக்கட்டளை நிதியாக்கும் சட்டம் 2021 பிப்ரவரியில் வந்தது. கொப்பரைக்குத் தீர்வை கட்டிய தலைமுறையில் எத்தனை பேர் அதைப் பார்க்க உயிரோடு இருந்திருப்பார்கள்? உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பது நம் பழமொழி. அங்கே உழுதவனைக் கணக்கே பார்க்க விடவில்லை.

சிக்கோ ஆற்றங்கரையில்

எதிர்ப்பு எங்கே தொடங்கியது? தலைநகரத்தில் பெரிய கூட்டம் கூடுவதற்கு வெகு முன்பே, வடக்கு லூசானின் மலைகளில் தொடங்கிவிட்டது. சிக்கோ ஆற்றில் நான்கு அணைகள் கட்ட 1974 வாக்கில் அரசு திட்டமிட்டது. உலக வங்கியின் கடன் எதிர்பார்க்கப்பட்டது. கட்டியிருந்தால் கலிங்கா, பொந்தோக் பழங்குடி மக்களின் ஊர்களும், தலைமுறை தலைமுறையாகக் கல் அடுக்கிக் கட்டிய படிக்கட்டு நெல் வயல்களும், முன்னோர் புதைந்த இடங்களும் நீருக்குள் போயிருக்கும்.

அந்த ஊர்களுக்குள் பழைய பகைகள் இருந்தன. அவற்றைத் தீர்க்க 'போதோங்' என்ற சமாதான ஒப்பந்த வழக்கம் அவர்களிடம் உண்டு. அந்த வழக்கத்தையே அணைக்கு எதிரான ஒற்றுமையாக மாற்றினார்கள். நில அளவைக்காரர்களின் கூடாரங்களைப் பெண்கள் போய்ப் பிரித்தார்கள். மறுபடி போட்டால் மறுபடி பிரித்தார்கள். முன்னணியில் நின்ற கலிங்கா தலைவர் மக்லீங் துலாக்கை, 1980 ஏப்ரல் 24 இரவு, அவர் வீட்டிலேயே இராணுவத்தினர் சுட்டுக் கொன்றார்கள். அதோடு எதிர்ப்பு அடங்கும் என்று நினைத்திருப்பார்கள். இன்னும் பெரிதானது. உலக வங்கி விலகியது. அணைகள் கைவிடப்பட்டன. ஏப்ரல் 24ஐ அந்த மலைமக்கள் ஆண்டுதோறும் 'கோர்தில்லெரா நாள்' என்று கூடி நினைவுகூர்கிறார்கள்.

கரும்புத் தீவான நெக்ரோஸில் கதை வேறு. சர்க்கரை வணிகம் முழுவதும் ஆட்சியாளரின் கூட்டாளி கையில். உலகச் சந்தையில் விலை விழுந்தபோது தோட்டத் தொழிலாளிகளுக்கு வேலையும் இல்லை, சொந்தமாகப் பயிரிட நிலமும் இல்லை. 1985இல் அங்கே குழந்தைகள் பட்டினியால் வாடின. அந்த ஆண்டு செப்டம்பர் 20 அன்று எஸ்கலாந்தே என்ற ஊரில் போராடிய கூட்டத்தின் மீது துப்பாக்கிச் சூடு. 20 பேர் இறந்தார்கள். தீவெங்கும் கரும்பு, சாப்பிட அரிசி இல்லை. ஒற்றைப்பயிர் பற்றி நாம் பேசுவதெல்லாம் அங்கே பிணமாகக் கிடந்தது.

எண்ணிக்கைக்குக் காவல்

1983 ஆகஸ்ட் 21 அன்று, நாடு திரும்பிய எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோ மணிலா விமான நிலையத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகுதான் நகரத்து நடுத்தர வர்க்கமும் வணிகர்களும் வெளியே வந்தார்கள். அந்த ஆண்டே 'நாம்ஃப்ரெல்' என்ற குடிமக்கள் தேர்தல் கண்காணிப்பு இயக்கம் உருவானது. முன்னே நின்றவர்கள் வணிகர்களும் திருச்சபையினரும். ஆனால் வேலை பார்த்தவர்கள் ஆசிரியர்கள், மாணவர்கள், இல்லத்தரசிகள், கன்னியாஸ்திரீகள், ஊர் இளைஞர்கள்.

மார்க்கோஸ் திடீர்த் தேர்தலை அறிவித்தார். 1986 பிப்ரவரி 7 வாக்குப்பதிவு. எதிரே நின்றவர் கொலையுண்டவரின் மனைவி கொரசோன் அக்கினோ. பல இடதுசாரி அமைப்புகள் இது நாடகம் என்று தேர்தலைப் புறக்கணித்தன. 1973ஐப் பார்த்தவர்கள் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. நாம்ஃப்ரெல் சுமார் ஐந்து லட்சம் தொண்டர்களை நாடெங்கும் நிறுத்தியது.

அவர்கள் செய்த வேலை மிக எளிமையானது. அங்கே வாக்குச்சாவடியிலேயே, ஊரார் முன்னிலையில் சீட்டுகளை எண்ணுவார்கள். ஒவ்வொரு சாவடிக்கும் ஒரு முடிவுத்தாள் உண்டு. தொண்டர்கள் எண்ணும்போது பக்கத்தில் நின்றார்கள். முடிவுத்தாளின் நகலை வாங்கினார்கள். வாக்குப்பெட்டி நகரசபைக்குப் போகும்போது கூடவே போனார்கள். அந்தத் தாள்களை மணிலாவில் ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்த்துக் கூட்டினார்கள். வங்கியில் மாலையில் ரொக்கத்தையும் வவுச்சரையும் பேரேட்டையும் ஒத்துப் பார்க்கிறோமே, அதே வேலைதான். ஒரு கிளையின் கணக்கு டாலி ஆகாமல் யாரும் வீட்டுக்குப் போக மாட்டோம். அவர்கள் ஒரு நாட்டின் கணக்கு டாலி ஆகாமல் வீட்டுக்குப் போக மறுத்தார்கள்.

அரசின் தேர்தல் ஆணையம் கணினி வைத்துத் தனியாகக் கூட்டியது. பிப்ரவரி 9 இரவு, அந்த மையத்தில் வேலை செய்த முப்பதுக்கு மேற்பட்ட கணினிப் பணியாளர்கள் எழுந்து வெளியே நடந்தார்கள். தாங்கள் ஏற்றுகிற எண்ணும் பலகையில் காட்டப்படுகிற எண்ணும் வேறாக இருக்கின்றன என்பதுதான் காரணம். பெரும்பாலும் இளம்பெண்கள். அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள். ஒரு தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தார்கள். அந்த இரவுக்குப் பிறகு அரசின் கணக்கை யாரும் நம்பவில்லை. இரண்டு நாள் கழித்து, ஆன்டிக்கே மாகாணத்தில் வாக்குக் கணக்குக்குக் காவல் நின்ற முன்னாள் ஆளுநர் எவேலியோ ஹாவியெர் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அரசின் கணக்கில் மார்க்கோஸுக்கு 1 கோடியே 8 லட்சம், அக்கினோவுக்கு 92 லட்சம். நாம்ஃப்ரெல் கையில் கிடைத்த தாள்களின்படி அக்கினோவுக்கு 78 லட்சம், மார்க்கோஸுக்கு 70 லட்சம். எல்லாச் சாவடிகளின் தாளும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் கிடைத்ததற்குக் கையெழுத்துப் போட்ட தாள் இருந்தது. 1973க்கும் 1986க்கும் உள்ள வித்தியாசமே அந்தத் தாள்தான். முதல் தடவை மார்க்கோஸ் சொன்ன எண்ணுக்கு எதிரே வைக்க ஊரார் கையில் வேறு எண் இல்லை.

பிப்ரவரி 16 அன்று மணிலாவில் பெருங்கூட்டம். மார்க்கோஸின் கூட்டாளிகள் நடத்துகிற வங்கிகளில் போட்ட பணத்தை எடுங்கள், அவர்களுடைய பொருளை வாங்காதீர்கள் என்று கொரசோன் அக்கினோ அழைத்தார். மக்கள் வரிசையில் நின்று பணம் எடுத்தார்கள். 22ஆம் தேதி பாதுகாப்பு அமைச்சரும் இராணுவத் துணைத் தலைவரும் மார்க்கோஸை விட்டு விலகினார்கள். அவர்களைக் காக்க வாருங்கள் என்று கர்தினால் சின் வானொலியில் அழைக்க, 'எத்சா' பெருஞ்சாலையில் லட்சக்கணக்கானோர் நிறைந்தார்கள். பீரங்கி வண்டிகளுக்கு எதிரே செபமாலையோடு மண்டியிட்டார்கள். சோறும் தண்ணீரும் சிப்பாய்களுக்கும் கொடுத்தார்கள். 25ஆம் தேதி இரவு மார்க்கோஸ் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போனார்.

ஆட்சி மாறியது, நிலம்?

இங்கே கதையை முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் உண்மை அங்கே முடியவில்லை.

சரியாக ஓராண்டுகூட ஆகவில்லை. 1987 ஜனவரி 22 அன்று நிலச் சீர்திருத்தம் கேட்டு உழவர்கள் அதிபர் மாளிகை நோக்கி ஊர்வலமாகப் போனார்கள். மெந்தியோலா பாலத்தருகே பாதுகாப்புப் படை சுட்டது. 13 பேர் இறந்தார்கள். ஆட்சியில் இருந்தது மக்கள் வீதியில் நின்று கொண்டுவந்த அரசு. அடுத்த ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. ஆனால் அதிபரின் தாய்வீட்டுக் குடும்பத்துக்குச் சொந்தமான லூயிசிதா கரும்புப் பண்ணையில் நிலத்துக்குப் பதில் பங்குப் பத்திரம் கொடுக்க அந்தச் சட்டத்திலேயே இடம் இருந்தது. அங்கே நிலத்தைப் பிரித்துக் கொடுக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2011, 2012இல்.

2022 தேர்தலில் மார்க்கோஸின் மகனே அதிபராக வென்றார். முதல் ஓராண்டுக்கு மேல் வேளாண் அமைச்சர் பொறுப்பையும் அவரே வைத்துக்கொண்டார். புதிய நெல் திட்டத்துக்கு மறுபடியும் 'மசகானா' என்றே பெயர். வாக்குப்பெட்டியைக் காத்தால் மட்டும் போதாது. பழைய கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டால், அந்தப் பெயரே இனிப்பாகிவிடும்.

விதையில் நடந்த தேர்தல்

இந்தக் கதையில் நம்மைப் போன்றவர்கள் நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டிய இன்னொரு பகுதி இருக்கிறது. 1985இல், மார்க்கோஸ் ஆட்சி நடக்கும்போதே, உழவர்களும் சில அறிவியலாளர்களும் தொண்டு அமைப்பினரும் அரிசிப் பிரச்சினை குறித்து லாஸ் பான்யோஸில் ஒரு மாநாடு கூட்டினார்கள். ஐ.ஆர். ரகங்கள் பிறந்த அதே ஊர். உழவர்கள் கேட்டது: எங்கள் பழைய விதைகளை மீட்டுக் கொடுங்கள், எங்களோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்யுங்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 'மாசிபாக்'. உழவர்–அறிவியலாளர் கூட்டமைப்பு என்பதன் சுருக்கம். அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு உழைப்பாளி என்றும் பொருள்.

அவர்கள் செய்முறை நாம் செய்யக்கூடியது. ஊருக்கு ஒரு சோதனை வயல். அதில் குறைந்தது ஐம்பது ரகங்கள் பக்கம் பக்கமாக நடுவார்கள். உரம், பூச்சிமருந்து கிடையாது. எது அந்த மண்ணுக்கு ஒத்து வருகிறது, எது காற்றுக்குச் சாயவில்லை, எது வாய்க்கு ருசி என்று ஊர் உழவர்களே பார்த்துப் பொறுக்குவார்கள். நெல்லை ஒட்டுச் சேர்க்கும் முறையையும் உழவர்களே கற்றுக்கொண்டு புது ரகங்கள் உண்டாக்கினார்கள். விதை யாருக்கும் தனியுடைமை இல்லை. முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட உழவர்கள் இதில் சேர்ந்தார்கள். மேலிருந்து ஒரு ரகத்தைக் காட்டி 'கை தூக்கு' என்றவர்களுக்கு, ஐம்பது ரகத்தை நட்டு 'நாங்களே தேர்ந்தெடுப்போம்' என்று சொன்ன பதில் இது. 2010இல் அந்த நாட்டில் இயற்கை வேளாண்மைச் சட்டம் வந்தது.

மரபணு மாற்றிய 'தங்க அரிசி'யைப் பயிரிட 2021இல் அரசு அனுமதித்தபோது, மாசிபாக்கும் மற்றவர்களும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2024 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தங்க அரிசிக்கும் பி.டி. கத்தரிக்கும் தந்த அனுமதிகளை ரத்து செய்தது. பி.டி. கத்தரி நம் நாட்டில் 2010 பிப்ரவரியில் நிறுத்தி வைக்கப்பட்டதும் பல நகரங்களில் நடந்த மக்கள் கருத்துக்கேட்புக்குப் பிறகுதான். உழவர் வாய் திறந்து பேச இடம் இருந்தால் மட்டுமே விதையும் பிழைக்கும்.

நம் ஊரில் செய்ய வேண்டியது

மணிலாவின் பெருஞ்சாலை நமக்குத் தூரம். ஆனால் அந்த முடிவுத்தாள் தூரமில்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. போனால் கையெழுத்துப் போட்டுவிட்டு டீயைக் குடித்துவிட்டு வந்துவிடாதீர்கள். வரவு செலவுக் கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். தீர்மானம் எழுதி முடித்து, உரக்கப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் போடுகிற கையெழுத்தும் 1973இல் தூக்கிய கையும் ஒன்றுதான். தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்கி ஊரில் நாலு பேர் வைத்துக்கொள்ளுங்கள்.

பொதுத் தேர்தலில் வாக்குப்பதிவு முடிந்ததும், பதிவான வாக்குகளின் எண்ணிக்கை கொண்ட 17சி படிவத்தின் நகலைச் சாவடி முகவர்கள் பெறலாம். எந்தக் கட்சி முகவராக இருந்தாலும் சரி, நம் ஊர்ப் பிள்ளைகளிடம் அதை வாங்காமல் எழுந்து வராதே என்று சொல்லி அனுப்புங்கள்.

பயிர்க்கடன் குழுவிலும், கூட்டுறவுச் சங்கத்திலும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திலும் இதே பழக்கம் வேண்டும். நம்மிடம் பிடித்தம் செய்கிற ஒவ்வொரு ரூபாயும் எங்கே போகிறது என்று ஆண்டுப் பேரவையில் ஒருவராவது எழுந்து கேட்க வேண்டும். கேட்டவரைக் கலகக்காரர் என்று ஒதுக்காமல், பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் எழுந்து நிற்க வேண்டும். கணினிப் பலகையை விட்டு வெளியே நடந்தவர்கள் முப்பது பேருக்கு மேல். ஒருவர் தனியாக நடந்திருந்தால் அன்றிரவே காணாமல் போயிருப்பார்.